நீவக்கூடாத கால் வீக்கம்

(ஜமாஅத் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)

 

காவிரிப் படுகையில் வாழும் நமக்குக் கால் வீக்கம் புதிய செய்தியன்று. கும்பகோணம் வட்டாரத்தின் பெயரோடு யானைக்கால் நோய் நெடுங்காலம் இணைத்தே பேசப்பட்டு வந்தது. அதனால், எவருக்கேனும் கால் வீங்கினால் யானைக்கால் என்று எண்ணிக் காலம் கடத்துவதும், கோடாரித் தைலம் தேய்த்து நீவி விடுவதும் நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டன. நீவக்கூடாத வீக்கம் ஒன்றும் உண்டு. அதனைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

காலின் ஆழத்தில், தசைகளுக்கிடையே ஓடும் சிரைகளில் இரத்தம் உறைந்து கட்டியாவதே அந்நோய். மருத்துவர்கள் அதனை ‘டி.வி.டி.’ என்பர், தமிழில் ஆழ்சிரை இரத்த உறைவு எனலாம். பாதம் வரை இறங்கிய இரத்தம் மீண்டும் மேலேற வேண்டுமாயின், கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிய வேண்டும். ஓட்டம் நின்ற வாய்க்காலில் பாசி படர்வது போல, அசையாத காலில் இரத்தம் தேங்கி உறையத் தலைப்படும்.

அக்கட்டி பெயர்ந்தால், இதயத்தின் வலப்புறம் வழியே நுரையீரலை அடைந்து, அங்குள்ள குழாயை அடைத்து உயிரையே பறிக்கக்கூடும். வலப்புற இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்னும் உண்மையை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர், டமாஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் பணியாற்றிய மருத்துவமேதை இப்னு அந்நஃபீஸ் ஆவார்.

அசையாமையின் தீங்கை 1940இல் லண்டன் மாநகரம் கண்டது. விமானக் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்கிடங்களில் நாற்காலியில் அமர்ந்தவாறே இரவைக் கழித்தோர் சிலர், குண்டு படாமலே நுரையீரல் அடைப்பால் மாண்டனர். நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்தில் இந்நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் தெரிவித்தது. எனினும், அஞ்ச வேண்டாம். ஏறத்தாழ 6000 பேரில் ஒருவருக்கே அது நேர்கிறது. ஜித்தாவுக்கோ, வளைகுடாவுக்கோ, சிங்கப்பூருக்கோ செல்வோர் மணிக்கொரு முறை எழுந்து நடங்கள், அமர்ந்தவாறே குதிகாலையும் முன்பாதத்தையும் மாறி மாறி உயர்த்துங்கள், தண்ணீர் அருந்துங்கள். ஹஜ், உம்ராவின்போது மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை உண்ணும் சகோதரிகள் மருத்துவரைக் கேட்ட பின்னரே உண்ண வேண்டும். அத்தகைய மாத்திரைகளுள் சில, இரத்தம் உறையும் தன்மையை மிகுவிப்பவை.

தாய்மார்களே! பயணத்தைவிட நம் வீட்டு அறைக்குள்ளேயே ஆபத்து மிகுதி. மகப்பேற்றுக்குப் பிந்திய முதல் ஆறு வாரங்களே பெண்களுக்கு இந்நோய் பெரிதும் வரக்கூடிய காலம். சிசேரியன் செய்தோருக்கு இன்னும் கூடுதல். அந்த நாற்பது நாளும் பெற்றவளைப் படுக்கையிலேயே கிடத்தி, தண்ணீரையும் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் அன்பினால் வந்ததே. எனினும், அது தீங்கு தரும். நிஃபாஸ் காலத்தில் தொழுகைக்குத்தான் விலக்கு, நடப்பதற்கு விலக்கில்லை. மருத்துவர் அனுமதித்தவுடன் அவளை எழுந்து நடமாட விடுங்கள். அறுவை சிகிச்சை முடிந்தோருக்கும் இதுவே நெறி.

யானைக்கால் வீக்கம் பெரும்பாலும் மெல்ல மெல்ல வளர்வது. இதுவோ சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ, பெரும்பாலும் ஒரே காலில், வலியும் வெப்பமும் நிறமாற்றமும் கொண்டு தோன்றும். அவ்வாறு கண்டால் நீவாதீர்கள். அன்றே மருத்துவமனை செல்லுங்கள். டாப்ளர் ஸ்கேன் உண்மையைக் காட்டிவிடும். திடீர் மூச்சுத் திணறல், மூச்சிழுக்கையில் நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள்.

மற்றொரு செய்தியையும் மறைக்காமல் கூறிவிடுகின்றேன். இதற்கு இடும் ஹெப்பாரின் ஊசி மருந்து பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. இதனைக் கேள்வியுற்றுச் சிலர் ஊசியே வேண்டாம் என மறுக்கக்கூடும். உயிர் காக்கும் கட்டாய நிலையில் விலக்கப்பட்டதும் ஆகுமாகும் என்பது நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் அறிந்த விதி. ஃபோண்டாபாரினக்ஸ் என்னும் ஊசி மருந்து முழுவதும் செயற்கையாக ஆக்கப்படுவது, மாத்திரைகளும் உள்ளன. எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். ஐயமிருப்பின் ஆலிமிடமும் தெளிவு பெறுங்கள். ஆனால், அதற்காகச் சிகிச்சையை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இம்மருந்துகளைப் பெரும்பாலும் மூன்று மாதமேனும் உண்ண வேண்டியிருக்கும். வீக்கம் வடிந்ததென்று நீங்களாக நிறுத்தலாகாது. வலி மாத்திரையையோ நாட்டு மருந்தையோ சொல்லாமல் சேர்த்துக் கொள்ளவும் கூடாது.

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைப் பேணி, நம் இல்லத்துத் தாய்மார்களையும் முதியோரையும் காத்திட வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.