முப்பத்திரண்டு வயதுக்குள்

 

கணிதத்திலேயே காலத்தைக் கழித்தவன் நான். அதனால் ஒரு கணிதப் பரிசைப் பற்றிப் பேசுகிறேன். 2005 முதல் சாஸ்திரா பல்கலைக்கழகம் கும்பகோணத்தில் கணித மேதை ராமானுஜன் பெயரால் ஆண்டுதோறும் ஒரு பரிசு வழங்குகிறது. தொகை 10,000 டாலர். 32 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிடையாது. ராமானுஜன் வாழ்ந்ததே அவ்வளவுதான். இந்த வரம்பை நான் மனமார ஆதரிக்கிறேன். சாதித்து முடித்தவருக்குப் பொன்னாடை போர்த்த யாராலும் முடியும். வளரும்போதே இனம்காண விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மானியக் கணித அறிஞர் பீட்டர் ஷோல்ட்சே 2013இல் இந்தப் பரிசைப் பெற்றார். கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான பீல்ட்ஸ் பதக்கம் அவருக்கு 2018இல்தான் வந்தது.

உக்ரைனில் பிறந்த மரினா வியாசோவ்ஸ்காவுக்கு 2017இல் கிடைத்தது. எட்டுப் பரிமாண வெளியில் கோளங்களை எவ்வளவு நெருக்கமாக அடுக்கலாம் என்ற கேள்விக்கு 2016இல் விடை கண்டவர் அவர். 1916ஆம் ஆண்டுக் கட்டுரையில் பி, க்யூ, ஆர் என்று ராமானுஜன் பெயரிட்டு ஆராய்ந்த மூன்று தொடர்களும் அந்த நிரூபணத்தில் வருகின்றன. சரியாக நூறு ஆண்டுகள்! நினைக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கிறது.

ராமானுஜனின் நோட்டுகளை டாட்டா ஆய்வு நிறுவனம் 1957இல் அவர் கையெழுத்திலேயே இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. மாணவனாக இருந்தபோது நூலகத்தில் அவற்றை விரித்து வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டை மறந்திருக்கிறேன். பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள், நிரூபணம் அபூர்வம். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றியவர் அவர்.

கல்லூரி இடைநிலைத் தேர்வான எஃப்.ஏ.வில் தேறாத அவர், சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர், மாலை வேளைகளில் அவரோடு உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அந்த இளைஞருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. ஒரு பல்கலைக்கழகம் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் அதுதான் என்பேன்.

இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் நாளை ஆசிரியராவீர்கள், அதிகாரியாவீர்கள், தேர்வுக் குழுவில் உட்காருவீர்கள். ஒரு பெண்ணோ பையனோ தயங்கித் தயங்கி ஒரு நோட்டை நீட்டினால், மதிப்பெண் பட்டியலைக் கேட்பதற்கு முன் அந்த நோட்டைப் பிரித்துப் படியுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால், புரிந்தவரிடம் அன்றைக்கே அனுப்பி வையுங்கள்.