நீலத்தாளை நின்று வாசியுங்கள்

வழமையாக இந்த நேரத்தில் வருமான வரி, வற் வரி என்று உங்களை அலுப்படிப்பவன் நான். இன்று ஒரு நீலத்தாளைப் பற்றிக் கதைக்கப் போகிறேன்.

கடைக் கண்ணாடியில் சில வேளைகளில் வெளிர்நீல நிறத்தில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். 'இந்தக் கடை இரவு 2 மணிவரை மதுபானம் விற்க அனுமதி கேட்கிறது, கருத்துச் சொல்ல விரும்புபவர்கள் இன்ன திகதிக்கு முன் கவுன்சிலுக்கு எழுதலாம்' என்று அதில் இருக்கும். 28 நாட்களுக்கு அது அங்கே இருக்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் பாணையும் பாலையும் வாங்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

ஆனால் இந்த நாட்டில் இந்த விடயத்தின் இரண்டு பக்கத்திலும் எங்கள் சனம் நிற்கிறது. கடை நடத்துபவர்களில் எத்தனையோ பேர் எங்கள் ஆட்கள். அந்தக் கடைகளுக்கு மேலேயும் பக்கத்திலும் குடியிருப்பவர்களிலும் எங்கள் குடும்பங்கள் உண்டு.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மதுபான அனுமதியைக் கொடுத்தது நீதவான் நீதிமன்றம். பொதுவாகக் கடைகள் வார நாட்களில் காலை 8 மணியிலிருந்து இரவு 11 மணிவரையும், ஞாயிறுகளில் 10 மணியிலிருந்து இரவு 10.30 வரையும்தான் குடிவகை விற்கலாம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் 2005 நவம்பர் 24ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபின், பொறுப்பு உள்ளூர்க் கவுன்சிலுக்குப் போனது. தனக்கு எந்த நேரம் வேண்டும் என்று ஒவ்வொரு கடையும் தனித்தனியாகக் கேட்கலாம்.

இதிலே பலருக்குத் தெரியாத ஒரு விடயம் உண்டு. குறித்த காலத்துக்குள் பொலிஸோ, வேறு திணைக்களமோ, அயலவரோ பொருத்தமான ஆட்சேபம் எதுவும் எழுதாவிட்டால், கவுன்சில் அந்த அனுமதியைக் கொடுத்தே ஆகவேண்டும். மறுக்க அதற்கு அதிகாரம் இல்லை. நாங்கள் பேசாமல் இருந்தால் அது சம்மதம் என்றே ஆகிவிடும்.

ஆட்சேபம் எழுதுவதென்றாலும் நான்கு காரணங்களுக்குள் நிற்க வேண்டும். குற்றமும் குழப்பமும் தடுத்தல், பொதுமக்களின் பாதுகாப்பு, அயலுக்குத் தொல்லை வராமல் தடுத்தல், பிள்ளைகளைக் காப்பாற்றுதல். 'குடி குடும்பத்தைக் கெடுக்கும்' என்று எழுதினால் எடுபடாது. 'ஏற்கனவே மூன்று கடை இருக்கிறதே, நாலாவது எதற்கு' என்பதும் பொதுவாக எடுபடாது. கடைகள் மிஞ்சிவிட்ட பகுதி என்று கவுன்சில் முன்கூட்டியே அறிவித்த இடங்களில் மட்டும் அந்தக் கதைக்கு இடமுண்டு. ஸ்கொட்லாந்தில் பொதுச் சுகாதாரமும் ஐந்தாவது காரணமாக இருக்கிறது. அங்கே கடைகளில் இரவு 10 மணியோடு மதுபான விற்பனை முடிந்துவிடும்.

இனி என்னுடைய கதை. 2016ஆம் ஆண்டு, என்னிடம் கணக்குப் பார்க்கும் ஒரு தம்பி வந்தார். "அண்ணை, முன்கடைக்காரன் ரண்டு மணி மட்டும் திறக்கிறான். நானும் போடட்டோ?" என்று கேட்டார். நானும் கல்குலேற்றரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "போடும் தம்பி, லாபம் வரும்" என்று சொன்னேன்.

நீலத்தாள் ஒட்டினார். இரண்டு ஆட்சேபங்கள் வந்தன. ஒன்று பொலிஸ். மற்றது கடைக்கு மேல் பிளற்றில் இருக்கும் எங்கள் அக்கா ஒருவர். விசாரணைக்கு நானும் தம்பியோடு போனேன். மூன்று கவுன்சிலர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அக்கா, ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கத் தன் 15 வயது மகளைக் கூட்டி வந்திருந்தார். கையில் ஒரு கலண்டர். வருடப் பிறப்புக்குத் தம்பியின் கடை இனாமாகக் கொடுத்த அதே கலண்டர்!

எந்த இரவில் எத்தனை மணிக்கு வாசலில் சண்டை நடந்தது, எப்போது போத்தல் உடைந்தது, எப்போது ஷட்டர் இழுத்த சத்தம் கேட்டது என்று திகதி திகதியாக அதில் எழுதியிருந்தார். "தம்பியில எனக்குக் கோவமில்லை. கடையைப் பூட்டச் சொல்லவும் இல்லை. பதினொரு மணிக்கே இப்படியெண்டால் ரண்டு மணிக்கு என்ன செய்யிறது? பிள்ளைக்குச் சோதனை வருது" என்றார். மகள் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். தம்பி குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

தீர்ப்பு, நள்ளிரவு 12 மணி மட்டும். கமெராப் பதிவை 31 நாள் வைத்திருக்க வேண்டும், பியரை ஒற்றைக் கானாக விற்கக் கூடாது, வாசலில் ஆட்கள் கூடாமல் பார்க்க வேண்டும் என்று நிபந்தனைகளும் வந்தன. நீதவான் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய 21 நாள் இருந்தது. "அப்பீல் போடுவமா அண்ணை?" என்று தம்பி கேட்டார். அன்றிரவு நான் பழைய கணக்கைத் திரும்ப எடுத்தேன். அதிலே என் பிழையைக் கண்டேன்.

தம்பியும் மனைவியும் மாறி மாறி நிற்பார்கள் என்று, சம்பளத்தை நான் பூச்சியமாகப் போட்டிருந்தேன்! இன்றைய கணக்கில் சொல்கிறேன். மணிக்கு 13 பவுண் என்று வைத்தால், நடுச்சாமத்தில் பாதுகாப்புக்காக இரண்டு பேர், இரண்டு மணித்தியாலம், 52 பவுண். நூறு பவுண் வியாபாரத்தில் 20 பவுண் கையில் நிற்குமென்றால், அந்தச் சம்பளத்துக்கு மட்டும் ஒவ்வொரு இரவும் 260 பவுணுக்கு விற்க வேண்டும். வாரத்துக்கு 1820. வெளிச்சம், காப்புறுதி, உடைந்த கண்ணாடி எல்லாம் வேறு. வெள்ளி, சனி தவிர அந்தத் தெருவில் அது நடவாத காரியம். வந்திருக்கக்கூடிய லாபம் முழுக்க அவர்கள் இரண்டு பேரின் நித்திரைதான்.

பிந்திய நேரத்தில் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். "அதே ஆறேழு முகம்தான் அண்ணை. ரண்டு பேர் எங்கட ஆக்கள்" என்றார். வெறியில் நிற்பவருக்குத் தெரிந்துகொண்டு விற்பது குற்றம். ஆனால் ஊர் முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்வது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தம்பி அப்பீல் போடவில்லை.

கடைக்கார உறவுகளே, விண்ணப்பிக்குமுன் உங்கள் உழைப்புக்கும் ஒரு சம்பளம் போட்டுக் கணக்குப் பாருங்கள். மேல்வீட்டாரோடும் பொலிஸின் அனுமதிப்பிரிவு அலுவலரோடும் முதலிலேயே கதையுங்கள். மற்றவர்கள் கேட்குமுன் நிபந்தனைகளை நீங்களே விண்ணப்பத்தில் எழுதிக் கொடுங்கள்.

குடியிருக்கும் உறவுகளே, நீங்கள் எழுதும் கடிதம் பெயர் விலாசத்தோடு கடைக்காரர் கைக்குப் போகும். பெரும்பாலும் மறைக்க மாட்டார்கள். ஊர்ச்சனத்தோடு பகை வரும் என்று பயந்தால் உங்கள் வட்டாரக் கவுன்சிலரிடம் சொல்லுங்கள், அவர் எழுதலாம். விசாரணைக்குத் துணையாக யாரையும் கூட்டிப் போகலாம், சட்டத்தரணியாக இருக்க வேண்டியதில்லை. அந்த அக்காவைப் போல் திகதியும் நேரமும் குறித்து வையுங்கள். அனுமதி கொடுத்த பின்னரும், தொல்லை தொடர்ந்தால் மீளாய்வு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடுத்த முறை நீலத்தாளைக் கண்டால் ஒரு நிமிடம் நின்று வாசியுங்கள். வாசித்துவிட்டு, முதலில் உள்ளே போய்க் கடைக்காரரோடு கதையுங்கள். அந்தத் தம்பியும் அக்காவும் விசாரணை அறையில் சொன்னதையெல்லாம் ஒரு மாதத்துக்கு முன்பே கடை வாசலில் நின்று சொல்லியிருக்கலாம்.