நூலகம் ஓசி இல்லைங்க, காசு கட்டியாச்சு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு வரியில இருந்து ஆரம்பிக்கிறேன். பாட்டு வரி இல்லை, கட்டுற வரி.

தமிழ்நாட்டுல வீடு, கடை வெச்சிருக்கிறவங்க மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ சொத்து வரி கட்டுறாங்க இல்லையா, அதோட சேர்ந்து 'நூலக வரி'ன்னு ஒன்னும் போகுது. ஒரு ரூபாய் சொத்து வரிக்கு 10 பைசா. வரி 3,000 ரூபாய்னா, நூலகத்துக்கு 300 ரூபாய். கணக்கு அவ்வளவுதான். பல வருஷமா வரி கட்டுற வீட்டுலகூட இது தெரியாம இருக்கும். அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க, "அப்படியா?"ன்னு கேப்பார்.

"நான் வாடகை வீட்டுல இருக்கேன், எனக்கென்ன?"ன்னு சொல்லாதீங்க. ஹவுஸ் ஓனர் இதையெல்லாம் மனசுல வெச்சுத்தான் வாடகை சொல்லியிருப்பார். வேளச்சேரியில மூணு பேரா அறை எடுத்துத் தங்கியிருந்தாலும் உங்க பங்கு அதுல இருக்கு.

அதனாலதான் 'இலவச நூலகம்'ங்கிற வார்த்தையே எனக்குக் கொஞ்சம் இடிக்குது. இலவசம்னு சொன்னவுடனே நமக்கு ஒரு கூச்சம் வந்துடுது. கொடுத்ததை வாங்கிக்கணும், குறை சொல்லக் கூடாதுன்னு ஒதுங்கிடுறோம். உண்மையில இது முன்கூட்டியே சந்தா கட்டின இடம். ஓடிடி-க்குக் காசு கட்டிட்டுப் பார்க்காம விட்டா மனசு அடிச்சுக்குது. இதுக்குக் கட்டின காசு மட்டும் எப்படியோ கண்ணுக்குத் தெரியறதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு வயசு அதிகம். சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948ல. சுதந்திரத்துக்கு அப்புறம் இந்தியாவுல ஒரு மாநிலம் கொண்டுவந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். பின்னால இருந்தவர்கள்ல முக்கியமானவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1892ல சீர்காழியில பிறந்தவர், மாநிலக் கல்லூரியில கணக்கு வாத்தியார், 1924ல சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்துக்குன்னு அவர் வகுத்த ஐந்து விதிகள்ல ஒன்னு, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்தணும்ங்கிறது. 1931லயே வாசகரை வரிசையில காக்க வைக்கிறது தப்புன்னு யோசிச்ச மனுஷர். அவர் பிறந்தநாள் ஆகஸ்ட் 12ஐ இந்தியாவுல நூலகர் தினமா கொண்டாடுறாங்க.

அந்தச் சட்டப்படி நூலக வரியை வாங்கி நூலகங்களை நடத்துறதுக்கு மாவட்டத்துக்கு ஒரு அமைப்பு உண்டு. தமிழ்ல நூலக ஆணைக்குழு, ஆங்கிலத்துல லோக்கல் லைப்ரரி அத்தாரிட்டி. இப்போ ஒரு விஷயம் பொறி தட்டணுமே? ஆமா, அண்ணா சாலையில புத்தக வெளியீட்டுக் கூட்டத்துக்கெல்லாம் "எல்.எல்.ஏ. பில்டிங் வந்துடு"ன்னு சொல்லுவாங்களே, அந்த எல்.எல்.ஏ. இதோட சுருக்கம்தான். தேவநேயப் பாவாணர் நூலகம் இருக்கிற அதே கட்டடம். ஒரு எழுத்தாளரை நேர்ல பார்க்கணும், பேசுறதைக் கேட்கணும்னா சாயங்காலம் அங்கே நடக்கிற கூட்டங்கள்ல போய் உட்காரலாம். பெரும்பாலும் டிக்கெட், பாஸ் எதுவும் இருக்காது. போன வாசகர்களுக்குத் தெரியும், கடைசி வரிசையில எப்பவும் இடம் கிடைக்கும்.

சரி, உங்க ஏரியாவுக்கு வருவோம்.

முதல் வேலை, உங்களுக்குப் பக்கத்துல இருக்கிற கிளை நூலகம் எதுன்னு கண்டுபிடிக்கிறது. மேப்ல போட்டா சில சமயம் காட்டாது. மருந்துக் கடையில கேளுங்க, இல்லேன்னா காலையில வாக்கிங் போற பெரியவர் யாரையாவது கேளுங்க. பெரும்பாலும் பேப்பர் படிக்க அங்கே போறவரா இருப்பார்.

உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினர் ஆக வேண்டியதே இல்லை. இதை நிறைய பேர் தெரியாம வாசல்லயே தயங்கி நிக்கிறாங்க. நேரா போங்க. வருகைப் பதிவேட்டுல பேரை எழுதுங்க, அலமாரிக்குப் போங்க. வீட்டுக்குப் புத்தகம் எடுத்துட்டுப் போகணும்னாதான் உறுப்பினர் அட்டை. அதுக்குக் காப்புத்தொகைன்னு ஒரு சின்ன தொகை, கூடவே வருஷச் சந்தா. ரெண்டும் சேர்த்தா மால்ல குடிக்கிற ஒரு காபி விலைக்குள்ள முடிஞ்சிடும். காப்புத்தொகையும், நீங்க உறுப்பினர் வேண்டாம்னு விலகும்போது திரும்பி வரும்.

இங்கே ஒரு நிஜமான சிக்கல் இருக்கு. முகவரிச் சான்று கேப்பாங்க. தென்காசியில இருந்தோ தருமபுரியில இருந்தோ வேலைக்கு வந்தவங்க ஆதார்ல ஊர் முகவரிதான் இருக்கும். பி.ஜி.யில தங்கியிருக்கிற பொண்ணு எந்த முகவரியைக் காட்டும்? முதல்ல நூலகர்கிட்ட நேராப் பேசுங்க. பத்து நாள் வந்து உட்கார்ந்து படிக்கிற முகத்தை அவருக்குத் தெரிஞ்சிருந்தா பாதிப் பேச்சு முடிஞ்ச மாதிரி. அப்படியும் நடக்கலைன்னா, அட்டை வர்ற வரைக்கும் அங்கேயே படிங்க. சொந்த ஊர்ல ஒரு அட்டை போட்டு வெச்சுக்கிறதும் மோசமில்லை. லீவுக்குப் போகும்போது எடுத்துட்டு வரலாம். என்ன, அடுத்த பொங்கலுக்குத் திருப்பிக் கொடுக்கலாம்னு இருந்துடாதீங்க. (சிரிப்பு)

அந்தப் பதிவேடு பத்தி ஒரு வார்த்தை. "சும்மா பேப்பர் பார்த்துட்டுப் போறேன், எதுக்குக் கையெழுத்து?"ன்னு தாண்டிப் போகாதீங்க. இன்னைக்கு எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை புத்தகம் வெளியே போச்சு, எத்தனை உறுப்பினர் இருக்காங்கன்னு நூலகர் கணக்கு எழுதுறார். கூடுதல் நேரம் திறந்து வைங்க, தரம் உயர்த்துங்க, இன்னொரு ஆள் போடுங்கன்னு கேட்கும்போது மேசையில வைக்கிறதுக்கு அவர்கிட்ட இருக்கிறது இந்த எண்கள்தான். நூறு பேர் வந்து இருபது பேர் கையெழுத்துப் போட்டா, அரசாங்கத்தைப் பொறுத்தவரைக்கும் வந்தது இருபது பேர்.

இப்போ நீங்க சொல்ல வர்றது எனக்குக் கேட்குது. "எங்க ஏரியா நூலகத்துல எல்லாம் பழைய புத்தகம், தூசி, ஃபேன் ஒன்னுதான் ஓடுது." இருக்கலாம். பல கிளை நூலகங்கள் வாடகைக் கட்டடத்துல இருக்கு, இடம் பத்தாது. பெண்களுக்குக் கழிவறை இல்லாத நூலகங்கள் இருக்கு. இது சின்ன விஷயமே இல்லை. மூணு மணி நேரம் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு பொண்ணு, தண்ணி குடிக்காம வந்து போகுதுன்னா அந்த நூலகத்துக் கதவு அவளுக்குப் பாதிதான் திறந்திருக்கு. இதுக்குத்தான் அந்த 10 பைசா. எழுதிக் கேளுங்க. நூலகர் பேரைப் போட்டு அவரைத் திட்டி இல்லை, பாவம், சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஒத்தை ஆள் அவர். மாவட்ட நூலக அலுவலருக்கு, நாலஞ்சு வாசகர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரு மனு. பல நூலகங்கள்ல வாசகர் வட்டம்னு ஒன்னு இருக்கும். பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள்தான் அதுல இருப்பாங்க. இருபத்தஞ்சு வயசுல ஒருத்தர் போய் உட்கார்ந்தா அவங்க முகத்துல வர்ற சந்தோஷத்தைப் பார்க்கணுமே.

வேண்டிய புத்தகம் இல்லைன்னா அதையும் எழுதிக் கொடுங்க. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் மூணும் இருக்கணும். "நல்ல நாவல் வாங்குங்க"ன்னு எழுதினா யாராலயும் ஒன்னும் செய்ய முடியாது.

கிளை நூலகம் போதலைன்னா பெரிய இடங்கள் இருக்கு. கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010 செப்டம்பர் 15ல திறந்தாங்க. மதுரையில கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023 ஜூலை 15. ரெண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. அண்ணா நூலகத்துக்குப் பறக்கும் ரயில்ல கோட்டூர்புரம் இறங்கி நடந்துடலாம். தமிழ்ப் புத்தகங்கள் இரண்டாவது தளத்துல. கீழ்த் தளத்துல பிரெயில் பிரிவு இருக்கு. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிறதுக்குத் தனி இடமும் இருக்கு. இந்தக் கடைசி விஷயம்தான் இந்த ஊர்ல எத்தனையோ பேரோட வாழ்க்கையைத் தாங்கிப் பிடிக்குதுன்னு நான் சொல்வேன். டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவங்க, சி.ஏ. படிக்கிறவங்க, வீட்டுல ஒரே அறையில டிவியும் தம்பியும் இருக்கிறவங்க. மாசம் பணம் கட்டி ஸ்டடி ஹால்ல நாற்காலி பிடிக்க முடியாதவங்களுக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, சத்தமில்லாத நாள். காலையில சீக்கிரம் போகணும், இடம் நிரம்பிடும்.

இந்த நூலகமே கிட்டத்தட்ட கையை விட்டுப் போயிருக்கும், தெரியுமா? 2011 நவம்பர்ல அதை வேற இடத்துக்கு மாத்திட்டு, அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போறதா அப்போதைய அரசு அறிவிச்சது. வழக்கு போட்டாங்க, எழுத்தாளர்கள், மாணவர்கள், வாசகர்கள்னு நிறைய பேர் எதிர்ப்பு தெரிவிச்சாங்க, சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிச்சது. இன்னைக்கு நீங்க அங்கே ஏசியில உட்கார்ந்து படிக்கிறதுக்குப் பின்னாடி அந்தச் சண்டை இருக்கு.

அடுத்தது எழும்பூர். அருங்காட்சியகத்துப் பக்கத்துல கன்னிமாரா நூலகம், 1896ல திறந்தது. இதை வெறும் பழைய அழகான கட்டடம்னு நினைச்சு போட்டோ எடுத்துட்டு வந்துடுறாங்க. விஷயம் வேற. 1954ல வந்த ஒரு சட்டப்படி இந்தியாவுல வெளியாகிற ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு பிரதியைப் பதிப்பாளர் நாலு நூலகங்களுக்கு அனுப்பணும். கொல்கத்தா, மும்பை, டெல்லி, நாலாவது நம்ம கன்னிமாரா. எல்லாப் பதிப்பாளரும் ஒழுங்கா அனுப்புறதில்லைங்கிறது வேற கதை. இருந்தாலும், உங்க தாத்தா எழுபதுகள்ல சொந்தக் காசுல போட்ட ஒரு கவிதைத் தொகுப்பு வீட்டுலயே இல்லாம போயிருந்தா, நான் முதல்ல தேடச் சொல்ற இடம் இதுதான். இப்படிப்பட்ட நூலகத்துல எல்லாம் திறந்த அலமாரியில இருக்காது. கேட்டலாக்ல தேடி, எண்ணைக் குறிச்சு, ஊழியர்கிட்ட கொடுக்கணும். அரை நாள் ஒதுக்கிட்டுப் போங்க.

அலமாரியில தேடறதுக்கு ஒரு சின்ன உபாயம். டூவி எண் முறை வெச்சிருக்கிற நூலகம்னா 894.811ங்கிறது தமிழ் இலக்கியம். கடைசியில 1 சேர்ந்தா கவிதை, 3 சேர்ந்தா கதை, நாவல். இந்த ஒரு எண்ணைத் தெரிஞ்சுக்கிட்டா போதும், யார்கிட்டயும் கேட்காம நேரா போய் நிக்கலாம். அப்புறம் தேடிப் போன புத்தகத்துக்கு ரெண்டு புத்தகம் தள்ளி இருக்கிறதை எடுத்துப் பாருங்க. எந்த ஆப்போட பரிந்துரையும் அதுக்கு ஈடாகாது, இது என் கட்சி.

வெளியே போக முடியாதவங்களுக்கு, ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவங்களுக்கு: தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்துற தமிழ் மின்நூலகம் போன்லயே திறக்கும். பழைய புத்தகங்கள், இதழ்கள், நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களோட நூல்கள்னு ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க. தன்னார்வலர்கள் 1998ல இருந்து தட்டச்சு செஞ்சு வெச்ச மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் டாட் ஆர்க். ஸ்கேன் பக்கத்தைச் சின்னத் திரையில படிக்கிறது கண்ணுக்குக் கஷ்டம்தான், போனைக் குறுக்கே திருப்பிக்கோங்க.

வீட்டுல படுக்கையில இருக்கிற பாட்டி, தாத்தாவுக்குப் புத்தகம் வேணும்னா 'நூலக நண்பர்கள்' திட்டம் பத்தி நூலகத்துல விசாரிங்க. தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற ஏற்பாடு. நீங்களே தன்னார்வலராவும் சேரலாம்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நடைமுறைத் தகவல். பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை ஞாயிறு இல்லை, வெள்ளிக்கிழமை. அதோட ரெண்டாவது சனிக்கிழமையும் லீவு. நேரத்துலயும், சில இடத்துல மதியம் மூடிட்டு சாயங்காலம் திறப்பாங்க. இந்த எபிசோடு வெளியாகுறது வியாழக்கிழமை ராத்திரி. அதனால ஆர்வத்துல நாளைக்கே கிளம்பிப் போய்ப் பூட்டைப் பார்த்துட்டு என்னைத் திட்டாதீங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில போங்க. உங்க கிளை நூலகத்துல என்ன இருந்தது, என்ன இல்லைன்னு குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த வாரம் சிலதைப் போட்டுக் கேட்போம்.