‘இந்தியன்’ என்று எழுதினால் எந்த நாடு?



லெம்பா பெர்த்தாமில் ஒரு மாணவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். பாட்டி கொழுந்து எடுத்தவர். தகப்பனார் ரிங்லெட்டில் லோரி ஓட்டுகிறார். பிள்ளை தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, எஸ்.பி.எம். முடித்து, எஸ்.டி.பி.எம். தேர்விலும் நல்ல புள்ளிகள் வாங்கிவிட்டாள். இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு இணையம் வழி மனுச் செய்ய உட்கார்ந்திருக்கிறாள்.

திரையில் பாரம். சர்நேம், கிவன் நேம், நேஷனாலிட்டி, கண்ட்ரி ஆஃப் பர்த், எத்னிக் குரூப், ஃபர்ஸ்ட் லேங்குவேஜ்... கணக்குத் தாளில் திணறாத பிள்ளை இங்கே அரை மணி நேரமாகத் திணறுகிறாள். கேட்கப்படுவதெல்லாம் அவளைப் பற்றித்தான். ஆனாலும் பதில் வரவில்லை.

‘நேஷனாலிட்டி’ என்ற கட்டத்தில் ‘இந்தியன்’ என்று தட்டச்சு செய்கிறாள். ஏன் செய்யமாட்டாள்? முதலாம் ஆண்டில் சேர்ந்த நாளிலிருந்து நிரப்பிய எல்லாப் பாரங்களிலும் ‘பங்சா’ என்ற கட்டத்துக்கு எதிரே ‘இந்தியா’ என்றுதானே எழுதி வந்திருக்கிறாள்! பங்சா என்றால் நேஷன் என்று மலாய் அகராதியும் சொல்கிறது. ஐக்கிய நாடுகள் சபைக்கு மலாயில் உள்ள பெயரிலேயே ‘பங்சா-பங்சா’ என்றுதான் வருகிறது. பிள்ளையின் தர்க்கத்தில் பிழையே இல்லை.

ஆனால் லண்டனிலோ மெல்பர்னிலோ அந்த மனுவைப் படிக்கிற அதிகாரிக்கு ‘நேஷனாலிட்டி: இந்தியன்’ என்றால் ஒரே பொருள்தான். இவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர். கூடவே இணைத்திருப்பதோ மலேசியக் கடப்பிதழ். ஒரே மனுவில் இரண்டு நாடு! அந்தக் கட்டத்துக்கு உரிய விடை ‘மலேசியன்’ என்ற ஒரு சொல் மட்டும்தான். அங்கே பரம்பரையைக் கேட்கவில்லை. எந்த நாட்டின் குடிமகள் என்று கேட்கிறார்கள்.

தமிழ் அகராதியைப் புரட்டினால் குழப்பம் தீருமா என்றால், கூடும். ரேஸ் என்றாலும் இனம், எத்னிசிட்டி என்றாலும் இனம், சில அகராதிகளில் நேஷனாலிட்டி என்றாலும் இனம். தமிழில் இனம் என்பது பெரிய வீடு. மாட்டிலும் இனம் உண்டு, எழுத்தில்கூட வல்லினம், மெல்லினம், இடையினம் உண்டு. ஆங்கிலத்தில் அந்த வீட்டை அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். எந்தச் சாவி எந்த அறைக்கு என்று பள்ளியில் சொல்லித் தருவதில்லை. ஆங்கிலப் பாடத்தில் நதியைப் பற்றியும் சுற்றுலாவைப் பற்றியும் கட்டுரை எழுதுகிறார்கள்; ‘நீ யார்’ என்ற கேள்விக்கு வேண்டிய பத்துச் சொற்கள் பாடத்தில் வருவதில்லை.

இந்தக் குழப்பத்தில் ஆங்கிலேயருக்கும் பங்கு உண்டு. மலாயாவில் அவர்கள் எடுத்த பழைய மக்கள்தொகைக் கணக்குகளில், இங்குள்ளவர்களை ‘நேஷனாலிட்டி’ என்ற தலைப்பில்தான் பிரித்தார்கள். 1891இல் ஒரு பிரிவின் பெயர் ‘தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும்’. அந்தத் தலைப்புச் சரிப்படவில்லை என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ரேஸ்’ என்று மாற்றினார்கள். தமிழர் பெயரும் தலைப்பிலிருந்து இறங்கி, ‘இந்தியர்’ என்ற கூரைக்குக் கீழே ஓர் உட்பிரிவானது. தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லாரும் அதே கூரைக்குக் கீழே. எண்ணுகிறவர்களின் வசதிக்காக வந்த ஏற்பாடு அது. இன்று பிள்ளைகள் அதைப் பிறவிக் குணம்போல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு சொல்தானே, திருத்திக்கொண்டால் போயிற்று என்று நினைக்க வேண்டாம். சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு நாட்டையே விலையாகக் கொடுத்தவர்கள் இதே மலேசியாவில் இருந்திருக்கிறார்கள். 1957 மெர்டேக்காவுக்கு முன் பினாங்கிலும் மலாக்காவிலும் பிறந்தவர்கள் பிரிட்டிஷ் சட்டப்படி அந்நாட்டோடும் ஓர் ஒட்டுறவு உடையவர்கள். 1983இல் அந்த ஒட்டுறவுக்கு ‘பிரிட்டிஷ் ஓவர்சீஸ் சிட்டிசன்’ என்று பெயர் வைத்தார்கள். பெயரில் சிட்டிசன் இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் போய்க் குடியிருக்கும் உரிமை அதில் இல்லை.

2002இல் பிரிட்டனில் வந்த புதிய சட்டம், வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத இத்தகையவர்கள் முழுப் பிரிட்டிஷ் குடிமக்களாகப் பதிந்துகொள்ளலாம் என்றது. அந்த ஆண்டு ஜூலை 4க்குப் பிறகு தாமாக முன்வந்து குடியுரிமையைக் கைவிட்டவர்களுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. முதல் வரியைப் படித்தவர்கள் இரண்டாவது வரியைப் படிக்கவில்லை. அல்லது அவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. மலேசியக் குடியுரிமையை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிரிட்டனில் போய் நின்றார்கள். அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை, இங்கேயும் கதவு மூடிவிட்டது. பலர் ஆண்டுக்கணக்கில் நாடற்றவர்களாக அங்கேயே அல்லாடினார்கள். ‘சிட்டிசன்’ என்ற சொல் எங்கே இருந்தாலும் முன்னும் பின்னும் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்திய அரசு 2005 முதல் தரும் ‘ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா’ அட்டையும் அப்படித்தான். பெயர் சிட்டிசன், ஆனால் ஓட்டுரிமை கிடையாது.

தோட்டப்புறத்தில் இந்தக் கதை இன்னும் பழையது. கேமரன் மலையில் ரஸ்ஸல் துரை ‘போ’ தோட்டத்தைத் திறந்தது 1929இல். மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்பும் ஏற்பாட்டை இந்திய அரசாங்கம் நிறுத்தியது 1938இல். இடைப்பட்ட காலத்தில் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் மெர்டேக்கா வந்தபோது குடியுரிமைக்கு மனுச் செய்திருக்கலாம். செய்தவர்கள் உண்டு. செய்யாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்துவிட்டவர்களும் ஏராளம். அந்த அட்டைக்கு ஆங்கிலத்தில் ‘பெர்மனென்ட் ரெசிடென்ட்’ என்று பெயர். தமிழில் நிரந்தரவாசி. நிரந்தரம் என்று சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? கிராணி சொன்னார், துரை கையெழுத்துப் போட்டார், போதும் என்று இருந்துவிட்டார்கள்.

1969இல் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோதுதான் ரெசிடென்ட் வேறு, சிட்டிசன் வேறு என்பது தோட்டத்து லயங்களுக்குத் தெரிந்தது. பல்லாயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறினார்கள். ரஜூலா கப்பலைப் பற்றிக் கேட்டால் இன்றும் கண் கலங்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிரச்சினையின் வால் இன்னும் அறுபடவில்லை. ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிவு செய்ய 2011இல் ‘மைடஃப்தார்’ என்று தனி இயக்கமே நடத்த வேண்டியிருந்தது.

இலங்கைத் தேயிலை மலைகளில் இதைவிடக் கொடுமை. அங்கே மக்கள்தொகைக் கணக்கில் ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதப்பட்டவர்கள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கை போட்டுப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று! அவர்கள் தங்களை ‘மலையகத் தமிழர்’ என்று சொல்லிக்கொள்வது வெறும் பெயர் ஆசையால் அல்ல. ‘இந்திய’ என்ற அந்த அடைமொழி அவர்களை என்ன பாடுபடுத்தியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பாரத்துக்குத் திரும்புவோம். முதல் கட்டமே இன்னும் காலியாக இருக்கிறது. சர்நேம். தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் என்று அதற்குப் பொருள். தமிழரில் பலருக்கு அது கிடையாது. தகப்பன் பெயர்தான் உண்டு. தமிழ்நாட்டில் சிலர் பெயருக்குப் பின்னால் சாதியை வைத்திருந்தார்கள். அதைக் கைவிட வேண்டும் என்று செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டதும் 1929இல்தான். ‘போ’ தோட்டம் திறந்த அதே ஆண்டு. மலேசியாவில் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்பவற்றின் சுருக்கம் நடுவில் வருகிறது. கடப்பிதழில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில். வெளிநாட்டு விமான நிலையத்தில் அந்த ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ எழுத்துகளையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு கூப்பிட்ட கதைகள் நம்மவர் வீடுகளில் நிறைய உண்டு. பெயர் ஓர் ஆவணத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

ஆங்கிலத்தில் இதற்கும் ஒரு சொல் இருக்கிறது: பேட்ரொனிமிக். தகப்பன் வழிப் பெயர். ஐஸ்லாந்து நாட்டில் பெரும்பாலோர் இன்றும் அப்படித்தான். தகப்பன் பெயரோடு மகன் அல்லது மகள் என்ற சொல் சேரும். அச்சில் வந்த காலத்தில் தொலைபேசிப் புத்தகத்தைக்கூட முதற்பெயர் வரிசையில்தான் அடுக்கினார்கள். ஆகவே, “எனக்குக் குடும்பப் பெயர் இல்லை, இது என் தகப்பனார் பெயர்” என்று சொல்ல அந்தப் பிள்ளை கூச்சப்பட ஒன்றுமில்லை. கடப்பிதழில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதினால் பாதித் தொல்லை தீரும்.

ஆங்கிலம் தமிழரைக் கூப்பிட்ட வேறு சொற்களும் உண்டு. கூலி என்பது வேலைக்குக் கொடுக்கும் பணம். அந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்துதான் ‘கூலி’ என்று ஆளுக்கே பெயர் வந்தது என்று பல அகராதிகள் சொல்கின்றன; குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படி ஆனாலும், வாங்கிய சம்பளத்தின் பெயரையே மனிதன் தலையில் கட்டிவிட்டார்கள். ‘கெலிங்’ இன்னொன்று. தோட்டத்தில் வந்தவர்களின் கால் சங்கிலி கிளிங், கிளிங் என்று ஒலித்ததால் வந்தது என்று சொல்வதெல்லாம் கட்டுக்கதை. கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பதே அறிஞர் பலரின் முடிவு. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பெயரில் அது மரியாதையாகவே நிற்கிறது. பின்னால் வசையானது, அகராதியில் அது இடம்பெற்றது பற்றி நீதிமன்றம் வரை போனார்கள்.

கேமரன் மலையின் பூர்வகுடிகளுக்கும் இதே அனுபவம். ‘சாக்காய்’ என்று ஏளனமாக அழைக்கப்பட்டவர்கள் இன்று ஓராங் அஸ்லி. அவர்களில் செமாய் வழிவந்த ரம்லி முகமட் நோர், 2019 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் இந்தக் கேமரன் மலைத் தொகுதியில் வென்று, டேவான் ரக்யாட்டுக்குச் சென்ற முதல் ஓராங் அஸ்லி ஆனார்.

இன்று தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேப்பாளியர். பெர்த்தாம் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்களிலும் அப்படியே. கடைத்தெருவில் அவர்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? “டேய் பங்களா!” கெலிங் என்று கூப்பிட்டால் கொதித்த அதே வீட்டுப் பேரன்தான் கூப்பிடுகிறான். அவன் நாவில் அது வசையாகத் தோன்றுவதில்லை. கெலிங் என்று கூப்பிட்டவர்களுக்கும் தோன்றியிருக்காது.

மாணவி இப்போது ‘எத்னிக் குரூப்’ கட்டத்தில் நிற்கிறாள். பிரிட்டன் 1991இல்தான் முதன்முதலாகத் தன் மக்கள்தொகைக் கணக்கில் இந்தக் கேள்வியைக் கேட்டது. பட்டியலில் ‘இந்தியன்’ இருக்கிறது, ‘தமிழ்’ இல்லை. கீழே ‘அதர்’ என்று ஒரு கோடு. அமெரிக்கப் பாரமாக இருந்தால் ‘ஏஷியன் இந்தியன்’ என்று இருக்கும். கொலம்பஸ் செய்த பிழையால் வெறும் ‘இந்தியன்’ அங்கே வேறொருவருக்குப் போய்விட்டது. இந்தக் கட்டத்தில் ‘இந்தியன்’ என்று குறித்தாலும் சரி, கோட்டில் ‘தமிழ்’ என்று எழுதினாலும் சரி. பரம்பரையைத்தான் கேட்கிறார்கள், கடப்பிதழை அல்ல. தேர்ந்தெடுக்கும் உரிமை அவளுடையது. ‘ஃபர்ஸ்ட் லேங்குவேஜ்’ என்ற இடத்தில் யோசனையே வேண்டாம். அது எதில் அதிகப் புள்ளி வாங்கினாள் என்ற கேள்வி அல்ல. முதலில் எந்த மொழியில் பேசினாள் என்ற கேள்வி.

நேர்முகத்தில் “வேர் ஆர் யூ ஃபிரம்?” என்பார்கள். “மலேசியா” என்றால், முகத்தைப் பார்த்துவிட்டு, “வேர் ஆர் யூ ரியலி ஃபிரம்?” என்பவர்களும் உண்டு. தடுமாறி ‘இந்தியா’ என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் இந்தியாவைப் பார்த்ததே கிடையாது. கேமரன் ஹைலண்ட்ஸில் பிறந்த மலேசியர், தமிழ் வம்சாவளி. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஆஃப் தமில் டிசென்ட்’ என்று மூன்றே சொற்கள்.

பாரத்தின் கடைசியில் ‘ப்ரிஃபர்ட் நேம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. உங்களை எப்படி அழைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். தாத்தா காலத்துச் செக்ரோலில் அப்படி ஒரு கட்டம் கிடையாது.