அலுவலக மேசைக்கு ஏற்றது விபிஏவே!



எக்செல், வேர்டு இதையெல்லாம் தானா வேலை செய்ய வைக்கப் பிள்ளைகளுக்கு எந்தக் கணினி மொழியைச் சொல்லித் தரணும்? பைத்தானா, விபிஏவா? எதிரணித் தங்கச்சி பைத்தானுக்கு ஏழு நிமிஷம் மகுடி ஊதினாங்க. (சிரிப்பு) அம்மா, அது பாம்பைப் பார்த்து வெச்ச பேரே இல்ல. மான்ட்டி பைத்தான்னு ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு, அதுலருந்து வந்தது!

எங்க அக்கா மக பி.காம். முடிச்சு, மதுரையில ஒரு ஆபீசுல கணக்கு வேலைக்குச் சேர்ந்தா. மாசக் கடைசியில ஒரு பெரிய பட்டியல் வரும். அதைக் கிளைவாரியாப் பிரிச்சு, 32 ஃபைலாச் சேமிச்சு, ஒவ்வொண்ணையும் பிரிண்ட் எடுக்கணும். ராத்திரி பத்து மணி ஆயிரும். அக்கா வாசல்லயே நிப்பாங்க. "வேலையை விட்டுரு, மாப்பிள்ளை பார்ப்போம்"னு மச்சான் ஆரம்பிச்சிட்டாரு.

அவ பைத்தான் மூணு மாசம் படிச்சவதான். ஆனா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அதை ஏத்தப் போனா, அட்மின் பாஸ்வேர்டு கேட்குது! 'எக்செல்லுக்குள்ளேயே பைத்தான் வந்திருச்சே' என்பீர்கள். 2023-இல் அறிவித்தார்கள், சரி. அது ஓடுறது மைக்ரோசாப்ட்டோட கிளவுட்ல. உங்க மேசையில இருக்கிற கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஃபைலைச் சேமின்னு சொன்னா, அதால முடியாதுங்க.

விபிஏ 1993-லிருந்தே எக்செல்லோடு சேர்ந்து வருது. தனியா ஏத்த வேண்டாம். 'ரெக்கார்டு மேக்ரோ'வை அமுக்கிட்டு, ஒரே ஒரு கிளைக்குக் கையால செஞ்சு காட்டினா. நிறுத்திட்டு ஆல்ட்டையும் எஃப்11-ஐயும் சேர்த்து அமுக்கினா, அவ செஞ்சதெல்லாம் வரி வரியா எழுதி நிக்குது! அதைச் சுத்தி ஒரு லூப் போட்டா, மிச்சம் 31 கிளையும் ஓடிருச்சு. (கைதட்டல்)

பழைய மொழிங்கிறாங்க. இதோட பாட்டி பேசிக். 1964-இல் டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் அதைப் படைத்ததே, அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொடட்டும் என்றுதான்.

குறை இல்லையா? இருக்கு, மறைக்க மாட்டேன். எடிட்டருக்குள்ள தமிழ்ல எழுதினா கேள்விக்குறியாத்தான் தெரியும். தமிழ்ப் பேரைக் கட்டத்துக்குள்ள எழுதி, அங்கேருந்து எடுத்துக்கணும். மேக்ரோ ஓடி முடிஞ்சா கண்ட்ரோல் இசட் கை கொடுக்காது. ஒருதரம் எங்க பொண்ணு அசல் பட்டியலையே அழிச்சிட்டு அழுதா. அதுலருந்து நகல்லதான் ஓட்டுவா. வைரஸ் பயம் நிஜம்தான். 1999-இல் மெலிசா வந்ததே ஒரு வேர்டு மேக்ரோ வழியாத்தான். இணையத்திலிருந்து வரும் ஃபைல்களின் மேக்ரோக்களை 2022-லிருந்து மைக்ரோசாப்ட்டே தடுக்குது. நம்ம பொண்ணு எழுதினது அவ மேசையிலேயே இருக்கு, அதுக்குத் தடை இல்ல.

நடுவர் மணியைக் கையில எடுத்துட்டாரு. ஒண்ணே ஒண்ணு, எதிரணிக்கு என் பரிசு. இப்போ அவ ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்திடுறா. வந்து, காப்பியைக் குடிச்சிட்டு, விட்ட இடத்திலிருந்து பைத்தான் படிக்கிறா! (சிரிப்பு, கைதட்டல்)