பரிமாறுகிறவளின் இருதயம்

(கும்மிடிப்பூண்டி வட்டாரப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நமது ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரை. ஆஸ்பத்திரிப் பணியை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கி வரும் அன்பர்களும் வாசிக்கும்படி இங்கே தருகிறோம்.)

அன்பான தாய்மார்களே, சகோதரிகளே,

இருதயத்தைக் குறித்துப் போதகர் பேசப்போகிறார் என்றதும், ஆத்துமாவைப் பற்றித்தான் பேசுவார் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று நாங்கள் பேசப்போவது நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கிற, கைப்பிடி அளவான, இரவும் பகலும் ஓயாமல் துடிக்கிற அந்த இருதயத்தைப் பற்றியே.

சில காலத்துக்கு முன் ஒரு சகோதரியை விடியற்காலையில் நமது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வயது 48. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை. முந்தின நாள் மாலையே அவருக்கு முதுகில் பாரம், தாடையில் வலி, குமட்டல். வாயுக் கோளாறு என்று எண்ணி ஓமத்தண்ணீர் குடித்திருக்கிறார். அந்த வலியோடே சமைத்து, எல்லோருக்கும் பரிமாறி, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, நைட் ஷிப்டுக்குப் போன கணவர் வரட்டும் என்று இரவெல்லாம் காத்திருந்தார். ஈ.சி.ஜி. எடுத்தபோது மாரடைப்பு என்று தெரிந்தது. முதலுதவி செய்து 108 ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினார்கள். தேவ கிருபையால் பிழைத்தார்.

மறுபரிசோதனைக்கு வந்தபோது எங்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஐயா, இனிமே தண்ணிக்குடம் தூக்கலாமா? வீட்டுல வேற ஆள் இல்லீங்க." தினமும் என்ன சாப்பிடுவீர்கள் என்று டாக்டரம்மா விசாரித்தார். "மிஞ்சுனதைச் சாப்பிடுவேன்மா" என்றார்.

அந்தப் பதில் எங்களைக் குத்திற்று. ஏனென்றால் பல வருஷங்களாக அன்னையர் ஞாயிறுதோறும், எல்லோரும் உண்டபின் மிஞ்சினதை உண்கிற தாயைப் பிரசங்கபீடத்திலிருந்து நாங்களே புகழ்ந்து வந்திருக்கிறோம். அது தவறு. மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் யவீருவின் மகளை உயிரோடு எழுப்பின ஆண்டவர், அடுத்தபடியாக அவளுக்கு ஆகாரம் கொடுக்கும்படி வீட்டாருக்குச் சொன்னார். அந்த வீட்டில் முதலில் சாப்பிட வேண்டியவள் அந்தப் பெண்பிள்ளையாக இருந்தாள்.

மாரடைப்பு ஆண்களின் வியாதி என்று இன்னும் அநேகர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் என்னும் ஆராய்ச்சியின் முடிவுகள் 2004-இல் வெளிவந்தன. பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சராசரியாக 9 வருஷம் தாமதித்து வருகிறது என்று அது காட்டிற்று. மாதவிலக்கு நின்றபின் அந்தப் பாதுகாப்பு குறைகிறது. கெட்ட கொழுப்பு ஏறுகிறது. வயிற்றைச் சுற்றிச் சதை போடுகிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகையிலை, வயிற்றுப் பருமன், மனஅழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலசைவு இல்லாமை முதலான ஒன்பது காரணங்களே மாரடைப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை என்றும் அது கண்டறிந்தது. இவற்றில் அநேகம் நம்மால் மாற்றக்கூடியவை.

நம் தட்டைப் பாருங்கள். சோறு குவியலாக இருக்கிறது. பருப்பைக் குழம்பில் தேட வேண்டியிருக்கிறது. காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சர்க்கரை போட்ட டீயும் இரண்டு பிஸ்கட்டும். மத்தியானம் சோறும் ஊறுகாயும். ஒல்லியாக இருக்கிறோம் என்று சிலர் நிம்மதியாயிருக்கிறார்கள். நம் தேசத்தாருக்குக் கைகால் மெலிந்திருந்தும் வயிற்றில் கொழுப்பு சேருவதுண்டு. ஆகையால் எடையை மட்டும் பாராமல் இடுப்பையும் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் எச்சரிக்கை.

செலவு அதிகமில்லாமல் செய்யக்கூடியது இது: தட்டில் பாதி கீரையும் காய்கறியும், கால் பங்கு சோறு, மற்றக் கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, அல்லது மீன். பழவேற்காட்டு மீன் நமக்குப் பக்கத்தில் கிடைக்கிறது. அதைப் பொரிப்பதைவிடக் குழம்பில் போடுவது நல்லது. நம் ஜில்லாவில் விளைகிற வேர்க்கடலையில் ஒரு கைப்பிடி வேகவைத்துச் சாப்பிடலாம். உப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்ன ஸ்பூன் அளவுக்குள் இருக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கிலேயே சேரும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுடவைக்காதீர்கள்.

அடுத்தது உடற்பயிற்சி. "காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் வேலைதானே ஐயா செய்கிறோம், இதற்குமேல் என்ன பயிற்சி?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. உங்கள் பாட்டிமார் அம்மியில் அரைத்தார்கள், உரலில் குத்தினார்கள், கிணற்றில் இறைத்தார்கள். இன்று கிரைண்டர் அரைக்கிறது, மோட்டார் இறைக்கிறது. கம்பெனியில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று ஒரே அசைவைச் செய்கிறீர்கள். அதில் களைப்பு உண்டு, பலம் கூடுவதில்லை. தசைக்குச் சிறிது சிறிதாகப் பாரம் கூட்டினால்தான் அது வலுக்கும். நடுவயதுக்குப்பின் தசை தானாகக் குறைந்துகொண்டே போகும். சாப்பிட்ட சர்க்கரையை இரத்தத்திலிருந்து அதிகமாக எடுத்துச் செலவழிப்பது தசைகளே. தசை குறைந்தால் சர்க்கரை இரத்தத்தில் நிற்கும். அது இரத்தக்குழாயைக் கெடுக்கும். அதன் பலனை இருதயம் அனுபவிக்கும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் கொடுத்த ஆலோசனைப்படி, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகநடை போன்ற அசைவும், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும். இதற்கு ஜிம் தேவையில்லை. கையால் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 தரம் எழுந்து உட்காருங்கள். சுவரில் கைவைத்துச் சாய்ந்து 10 தரம் தள்ளுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை 10 தரம் உயர்த்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை எடுத்துத் தோள்மட்டும் தூக்கி இறக்குங்கள். மூச்சை அடக்கவேண்டாம். சுலபமானபின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இருதய வியாதி உள்ளவர்களும் இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களும் டாக்டரைக் கேட்டபின் தொடங்கவேண்டும். நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தின் குணசாலியான ஸ்திரீயை எல்லோருக்கும் தெரியும். 17-ஆம் வசனம் அவள் தன் கைகளைப் பலப்படுத்திக்கொள்வதையும் சொல்லுகிறது. அதை நாம் அதிகம் பிரசங்கிப்பதில்லை.

நம் தேசத்தின் முதல் பெண் இருதய மருத்துவர் டாக்டர் எஸ். பத்மாவதி, பர்மாவில் பிறந்த தமிழ்ப் பெண்மணி. யுத்த காலத்தில், 1942-இல், தாயோடும் சகோதரிகளோடும் அங்கிருந்து தப்பி கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். பின்னர் டில்லியில் பணிசெய்து, 1962-இல் அகில இந்திய இருதய அறக்கட்டளையை நிறுவினார். முதுமையிலும் நீச்சலை விடவில்லை. 2020-இல் கொரோனாவினால் மரிக்கும்போது அவருக்கு வயது 103. தம் இருதயத்தைப் பேணின ஒரு பெண்மணி ஆயிரக்கணக்கானோரின் இருதயத்தைப் பேணினார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நெஞ்சுவலி பெண்களுக்கும் வரும். ஆனால் சிலருக்கு மூச்சிரைப்பு, முதுகு அல்லது தாடை வலி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத களைப்பு என்றே தலைகாட்டும். கணவர் வரட்டும், விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் "இதயம் காப்போம்" திட்டத்தில், 2023 முதல், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. 2021-இல் தொடங்கின "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் ஊழியர் உங்கள் வாசலுக்கு வரும்போது, "எனக்கொன்றும் இல்லை" என்று அனுப்பிவிடாமல் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஐயாமாருக்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. இன்று இரவு சாப்பிட உட்காருமுன், சமைத்தவளுடைய தட்டில் பருப்பும் காயும் இருக்கிறதா என்று பாருங்கள். சகோதரிகளே, பரிமாறுமுன் உங்கள் பங்கை எடுத்து மூடி வையுங்கள். அது சுயநலமல்ல.

தண்ணிக்குடத்தைப் பற்றிக் கேட்ட அந்தச் சகோதரிக்கு டாக்டரம்மா முதலில் நடக்கச் சொன்னார். பல வாரங்கள் கழித்துத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கச் சொன்னார். போன முறை வந்தபோது சிரித்த முகமாகச் சொன்னார்: "இப்ப அரைக்குடம் நான் தூக்குறேன் ஐயா. முழுக்குடத்தை மகன் தூக்குறான்."

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் நல்ல சுகத்தோடே காத்துக்கொள்வாராக.