மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது?

(அடுக்குமாடிக் குடியிருப்புப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்து குளிக்கக்கூட நேரமில்லாமல் சீருடையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விசயத்துக்கு வருகிறேன்.

உங்கள் பிள்ளை பகல் இரண்டு மணிக்குப் பள்ளியிலிருந்து வருகிறான். நீங்கள் வீடு திரும்ப இரவு எட்டாகிறது, ஓ.டி. இருந்தால் பத்து. இந்த ஆறு மணி நேரம் அவன் எங்கே இருக்கிறான்? வீடு 700 சதுர அடி, மூன்று அறை, உள்ளே ஏழு பேர். தாத்தா தொலைக்காட்சி பார்க்கிறார், சின்னவள் அழுகிறாள். புத்தகத்தை விரிக்க ஒரு மேசை இல்லை. கீழே இறங்கி விடுகிறான். கீழே யார் காத்திருக்கிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஒருநாள் போலீஸ் நிலையத்திலிருந்து போன் வந்தால், "பெற்றோர் சரியில்லை" என்று ஊர் நம்மைத்தான் சொல்லும்.

வசதியுள்ளவர் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பி விடுகிறார். நம் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். அங்கே மலாய் மொழி அவனை முழுங்குகிறது. கணக்கு தெரிந்த பிள்ளை, கேள்வி புரியாமல் முட்டை வாங்குகிறான். 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். சோதனையையும், 2022-இல் பி.டி.3 சோதனையையும் எடுத்தார்கள். பிள்ளைகளின் பயம் குறைந்தது நல்லதுதான். ஆனால் அதன் பிறகு, தன் மகன் இவ்வளவு பின்தங்கியிருக்கிறான் என்பதை எஸ்.பி.எம். நேரத்தில்தான் கண்டுபிடித்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அப்போது என்ன செய்வது?

நாம் என்ன செய்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பல்கலைக்கழக மாணவர்கள் இருவர். கீழ்த்தளத்தில் பாய் விரித்து 11 பிள்ளைகளோடு ஆரம்பித்தோம். மழை பெய்தால் வகுப்பு கிடையாது. விளக்கு எரியாவிட்டால் கைப்பேசி வெளிச்சம். நாற்பது அடி தள்ளி மன்றத்துக்குச் சொந்தமான மண்டபம் இருக்கிறது. மின்விசிறி, நாற்காலி, கழிப்பறை எல்லாம் இருக்கிறது. பூட்டும் இருக்கிறது!

கேட்டுப் பார்த்தோம். மணிக்கு இவ்வளவு வாடகை என்றார்கள். பிறகு, "டியூசன் வியாபாரத்துக்குத் தர முடியாது" என்றார்கள். நாம் ஒரு காசு வாங்கவில்லை என்று கடிதம் எழுதினோம். நான்கு மாதமாகப் பதில் இல்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை மண்டபம் திறந்தது. விருந்துக்கு! நம் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பிரியாணி வாசனையோடு பின்னம் படித்தார்கள்.

அந்த மண்டபம் யார் பணம்? சுக்காய் பிந்து, அதாவது மதிப்பீட்டு வரி, ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி கடைசிக்குள்ளும் ஆகஸ்ட் கடைசிக்குள்ளும் கட்ட வேண்டும். "நான் வாடகைக்குத்தானே இருக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தான் உங்களிடம் வாடகை வாங்குகிறார்.

"கல்வி மத்திய அரசாங்கத்தின் வேலை" என்று ஒரு கவுன்சிலர் சொன்னார். பாதி உண்மை. ஆசிரியரும் பாடத்திட்டமும் புத்ராஜெயாவின் பொறுப்பு. மண்டபம், விளக்கு, கழிப்பறை, பிள்ளை இரவில் நடந்து வரும் பாதை? இவை மன்றத்தின் பொறுப்பு. பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம் சொந்தமாகச் சமூக நூலகம் நடத்துகிறது. பினாங்கில் 2012-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், ஜாலான் சுங்கை அடுக்குமாடி மக்கள், மன்றத்தின் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று வாக்களித்தார்கள். அவர்களும் நம்மைப் போல அடுக்குமாடிக்காரர்கள்தான்.

ஒரு பழைய கதையும் சொல்ல வேண்டும், இளைஞர்களுக்கு இது தெரியாது. இந்த நாட்டில் நகரசபைக்குத் தேர்தல் நடந்தது. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965-இல் நிறுத்தினார்கள். பிறகு இதை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் நம்மவர், ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் கேட்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் கதவை மூடிவிட்டது. 8 முதல் 24 உறுப்பினர்கள். எல்லாரும் மாநில அரசு நியமிப்பவர்கள். நம் ஓட்டைப் பற்றி கவுன்சிலருக்குக் கவலையில்லை. ஆனால் அவரை நியமிப்பவருக்கு நம் ஓட்டு வேண்டும். அதனால்தான் கடிதத்தின் ஒரு பிரதி சட்டமன்ற உறுப்பினருக்கும் போகிறது.

அதே சட்டத்தின் 23-வது பிரிவு, மன்றத்தின் முழுக்கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்கிறது. கதவை மூடுவதென்றால் அவர்கள் தீர்மானம் போட வேண்டும். போடட்டும், பார்ப்போம்.

நம்மையும் கொஞ்சம் பேசிக் கொள்வோம், கோபித்துக் கொள்ளாதீர்கள். கோயில் திருவிழாவுக்கு ஒரே வாரத்தில் பணம் சேர்த்தோம். வகுப்புக்கு வெள்ளைப்பலகை வாங்க மூன்று மாதம் பிடித்தது.

நாம் கேட்பது பெரியதில்லை. வாரத்தில் நான்கு நாள், மாலை மூன்று முதல் ஏழு வரை மண்டபம். வாடகை வேண்டாம், மின்கட்டணம் மன்றத்துடையது. கற்பிப்பவர்களுக்குப் போக்குவரத்துச் செலவு. தமிழ்ப்பிள்ளைக்கு மட்டும் என்று நாம் கேட்கவில்லை. நான்காம் மாடி மலாய்க்கார அக்காவின் இரண்டு பிள்ளைகளும் நம் பாயில்தான் உட்காருகிறார்கள். அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட்டை இந்த ஆண்டின் பிற்பாதியிலேயே தயாரித்து விடுவார்கள். டிசம்பரில் போய்க் கேட்டால், பணம் முடிந்தது என்பார்கள். ஆகவே இப்போதே போக வேண்டும்.

கடிதம் மேசை மேல் இருக்கிறது. பெயர், வீட்டு எண், பள்ளி போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பாட்டிமார் கைநாட்டு வைக்கலாம். மன்றக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வேண்டும். கூட்டம் காலையில்தான், ஆகவே இரவு வேலை முடிந்து வருபவர்கள் தூக்கத்தை ஒருநாள் தள்ளி வைத்து வர முடியுமா என்று பாருங்கள். அடையாளக் கார்டு எடுத்து வர மறக்காதீர்கள். மாரியம்மா அக்கா, பேனாவை அந்தப் பக்கம் அனுப்புங்கள்.